இரத்தக் கொழுப்பும் மாத்திரையும்

பஞ்சாயத்துக் கூட்டங்களுக்குச் செல்லும்போது விவசாயப் பெருமக்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கொழுப்பு சரியாகிவிட்டது என்று இரத்தப் பரிசோதனையில் வந்துவிட்டதே, இனியும் மாத்திரை எதற்கு?" கேள்வி நியாயமானதே. காய்ச்சல் தணிந்ததும் மருந்தை நிறுத்துவது நம் வழக்கம். ஆனால் இம்மாத்திரையின் விஷயத்தில் அவ்வழக்கம் உயிருக்கே ஆபத்தாய் முடியலாம். காரணத்தை அறிய, அது உடலில் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கொழுப்பின் வரவு

கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் உடலுக்கு வேண்டியதே. பித்தநீர் உண்டாவதற்கும் உடலின் அணுக்கள் உறுதியாய் இருப்பதற்கும் அது தேவை. அதில் பெரும்பகுதியை உடலே உற்பத்தி செய்துகொள்கிறது. கல்லீரல் இதில் முக்கியமானது. இதனால்தான் உணவில் கட்டுப்பாடாக இருக்கும் சிலருக்கும் இரத்தத்தில் கொழுப்பு மிகுந்து காணப்படுகிறது.

எல்.டி.எல். என்னும் நுண்ணிய உருண்டைகளாக இக்கொழுப்பு இரத்தத்தில் செல்கிறது. அவை அளவுக்கு மிஞ்சினால் இரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. நீர் ஊறிய வாய்க்கால் கரை உட்புறமாகப் பிதுங்குவதுபோல அச்சுவரும் பிதுங்குகிறது. ஒரு நாள் அவ்விடம் உடைந்தால், இரத்தம் உறைந்து வழி அடைபடுகிறது. இதயத்தில் அடைபட்டால் மாரடைப்பு. மூளையில் அடைபட்டால் பக்கவாதம். அதுவரையில் பல ஆண்டுகள் எவ்வித வலியும் தோன்றாமல் இருக்கலாம்.

மாத்திரையின் வேலை

இம்மருந்தைக் கண்டவர் ஒரு விவசாயக் குடும்பத்தின் புதல்வர். ஜப்பானில் 1933-ஆம் ஆண்டு பிறந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சண வகைகளைச் சோதித்தார். 1973-இல், அரிசியில் படர்ந்த ஒரு பூஞ்சணத்திலிருந்து இவ்வகையின் முதல் மருந்தைப் பிரித்தெடுத்தார். அதன் வழிவந்தவையே ‘ஸ்டாட்டின்’ மருந்துகள். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகியவை நம்மிடையே மிகுதியாக வழங்குபவை.

சொந்த வயலில் விளைச்சல் குறைந்தால் ஒரு குடும்பம் சந்தையில் நெல் கொள்முதல் செய்கிறதல்லவா? அவ்வாறே, ஸ்டாட்டின் கல்லீரலின் சொந்த உற்பத்தியைத் தடுக்கிறது. கல்லீரல் தன் தேவைக்கு இரத்தத்திலுள்ள கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அளவு குறைகிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் உற்பத்தியும் பழையபடி. இரத்தக் கொழுப்பும் பழையபடி. ஆகவே, பரிசோதனையில் அளவு சரியாக இருப்பது, மாத்திரை வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சியே ஒழிய, நோய் நீங்கியதற்குச் சாட்சியாகாது.

இதன் பயன் ஆராய்ச்சியில் மெய்ப்பிக்கப்பட்டது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதய நோயுற்ற 4,444 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஆராய்ச்சியில், சிம்வாஸ்டாட்டின் பெற்றோரில் 182 பேர் இறந்தனர். வெறும் மாத்திரை பெற்றோரில் இறந்தவர் 256 பேர். இரு பிரிவினரும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையினர்.

ஜாக்கிரதையாக இருக்கவேண்டியவை

பெரும்பாலோருக்கு இம்மருந்து தொல்லை தருவதில்லை. எனினும் சிலவற்றை மறக்கலாகாது.

1. நாற்று நட்ட மறுநாள் தொடை வலிப்பது இயல்பு. காரணமின்றி இரு தொடைகளிலும் தோள்களிலும் வலியும் தளர்ச்சியும் நீடித்தால் டாக்டரிடம் கூறவேண்டும். கடுமையான வலியுடன் சிறுநீர் கருத்துப் போனால், மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தசை சிதைந்து சிறுநீரகம் கெடுவதன் அறிகுறி அது, அபூர்வமாகவே நேரும்.

2. கண் மஞ்சளித்தாலும் தாமதம் கூடாது. மதுவை விலக்குதல் நலம்.

3. கடையில் தாமாக மருந்து வாங்குவது ஆபத்து. படர்தாமரைக்குத் தரப்படும் இட்ரகொனசோல், தொற்று நோய்க்குத் தரப்படும் கிளாரித்ரோமைசின் போன்றவை சில ஸ்டாட்டின்களோடு சேர்ந்தால் தசைக்குக் கேடு விளைவிக்கலாம். உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும்.

4. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் டாக்டரின் யோசனையின்றி உட்கொள்ளலாகாது.

5. சிலருக்கு இரத்தச் சர்க்கரை சிறிது கூடலாம். அதற்காக மாத்திரையை விட்டுவிட வேண்டியதில்லை; பரிசோதனை செய்துகொண்டால் போதும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாவிடினும் மனம் தளரவேண்டாம். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், குடலில் கொழுப்பு ஏறாமல் தடுக்கும் எசெட்டிமைப் என்ற மருந்தும் உண்டு. மாற்றுவது டாக்டரின் பொறுப்பு. குறையை மறைக்காமல் சொல்வது நம் பொறுப்பு.

அங்கத்தினர்களுக்கு

நெஞ்சு வலியுடன் வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்துகளைக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கப்பெற்றது. அம்மருந்துகளில் அட்டோர்வாஸ்டாட்டினும் ஒன்று. உயிர் பிழைத்து வீடு திரும்பியவர், ஆறு மாதத்தில் அம்மாத்திரையைத் தாமே நிறுத்தி மறுபடி ஆபத்துக்கு உள்ளாகலாமா? அத்தகையோர் எல்லா ஊர்களிலும் இருப்பார்கள். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அவர்களை நேரில் கண்டு, மாத்திரை தவறாமல் உட்கொள்கிறார்களா என்று விசாரிக்க வேண்டுகிறோம். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை இரவல் வாங்கி விழுங்குவோரையும் தடுக்கவேண்டும். புகையிலையை விடுதலும், உணவில் அளவும், மாத்திரையில் ஒழுங்கும் சேர்ந்தால், உழைக்கும் குடும்பத் தலைவர் பலரை நாம் காப்பாற்ற முடியும்.