கரண்ட் சிகிச்சையும் புதிய ஊசியும்: புற்றுநோயில் இரண்டும் சேரும்போது



சில மாதங்களுக்கு முன் பெரம்பலூர் பக்கத்துச் சகோதரர் ஒருவர் உதவி கேட்டு எங்களிடம் வந்தார். அவர் மனைவிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய்க் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்து வந்தார். 25 தடவையில் 11 முடிந்திருந்தது. உடம்பு சோர்ந்து, வயிற்றுப்போக்கும் வந்ததால் போகப் பயந்தார். வளைகுடாவில் இருக்கும் மகன் போனில், "அத்தா, கரண்ட் வைக்கிறதை நிறுத்துங்க. இம்யூனோதெரபின்னு புது ஊசி வந்திருக்கு. நிலத்தை வித்தாவது அம்மாவுக்கு அதைப் போடுவோம்" என்று சொல்லியிருந்தார். அந்த நிலத்தின் பத்திரத்தோடுதான் அவர் வந்திருந்தார்.

அந்த மகனின் பாசத்தில் குறை இல்லை. ஆனால் அவர் கேள்விப்பட்டது பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொள்வது நம் எல்லாக் குடும்பங்களுக்கும் நல்லது என்பதால் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

நாம் "கரண்ட்" என்று சொன்னாலும் கதிர்வீச்சு சிகிச்சையில் உடம்புக்குள் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. சக்தி மிகுந்த கதிர்களைக் கட்டி இருக்கும் இடத்தில் செலுத்தி, புற்றணுக்களைச் சிதைக்கிறார்கள். அந்த ஒரு இடத்துக்கான சிகிச்சை இது.

இம்யூனோதெரபி வேறு வகை. நம் இரத்தத்தில் 'டி அணுக்கள்' என்ற காவல் அணுக்கள் உண்டு. அவை நல்ல அணுக்களைத் தாக்கிவிடாமல் இருக்க அவற்றுக்கு இயற்கையாகவே பிரேக் உண்டு. புற்றணு தந்திரமாக அந்தப் பிரேக்கை அழுத்திக்கொண்டு தப்பித்துவிடுகிறது. புதிய ஊசி மருந்து அந்தப் பிரேக்கை விடுவிக்கிறது. இந்த வழியைக் கண்டறிந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன், ஜப்பானின் தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டையும் சேர்க்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது?

ஓரிடத்தில் கதிர் வைத்தால், கதிர் படாத வேறிடத்துக் கட்டியும் சுருங்குவதை மருத்துவர்கள் எப்போதாவது கண்டதுண்டு. 1953இல் ஆர்.எச்.மோல் என்ற ஆங்கில மருத்துவர் இதற்கு 'அப்ஸ்கோபல்' என்று பெயர் வைத்தார். காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை.

நியூயார்க்கில் கதிர்வீச்சு மருத்துவர் சில்வியா ஃபொர்மென்டியும் ஆய்வாளர் சாண்ட்ரா டெமாரியாவும் சேர்ந்து 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எலிகளின் இரு பக்கமும் கட்டி வளர்த்து, ஒரு பக்கம் மட்டும் கதிர் வைத்து, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்தும் கொடுத்தார்கள். கதிர் படாத பக்கத்துக் கட்டியும் வளர்ச்சி குன்றியது. டி அணுக்கள் இல்லாத எலிகளில் அப்படி நடக்கவில்லை. தூரத்துக் கட்டியைத் தாக்கியது உடம்பின் சொந்தக் காவல்தான் என்பது அதனால் தெரிந்தது. கதிர் பட்டுச் சிதைந்த புற்றணுவின் துகள்கள், திருடனின் அடையாளத்தைக் காவலர்களுக்குக் காட்டிக்கொடுக்கின்றன. ஊசி மருந்து அந்தக் காவலர்களின் பிரேக்கை விடுவிக்கிறது. ஆகவே ஒன்று மற்றதற்குத் துணை.

கதிரோடு மருந்தைச் சேர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி.சாந்தாவும் வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரோடு பிளியோமைசின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து 1970களிலேயே ஆய்வு செய்தார்கள். தனிக் கதிரைவிடச் சேர்ந்த சிகிச்சையில் கட்டி நன்றாகக் கரைந்ததைக் காட்டினார்கள்.

எதில் பலன், எதில் இல்லை?

இதைத்தான் அந்த மகனுக்கு யாரும் சொல்லவில்லை.

நுரையீரல்: அறுவை செய்ய முடியாத மூன்றாம் நிலையில், கதிரும் கீமோவும் முடிந்தபின் டுர்வலுமாப் ஊசி கொடுத்த ஆய்வில், 5 ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 100க்கு சுமார் 43 பேர். ஊசி இல்லாதவர்களில் 33 பேர்.

கர்ப்பப்பை வாய்: முற்றிய நிலையில் இருந்த 1,060 பெண்களிடம் நடந்த ஆய்வில், கதிர், கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் ஊசியும் சேர்ந்தபோது 3 ஆண்டு கடந்தவர்கள் 100க்கு சுமார் 83 பேர். ஊசி இல்லாதவர்களில் 75 பேர். இதை வைத்து அமெரிக்க அரசு 2024 ஜனவரியில் மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலையின் முதல் பகுதிக்கும் அனுமதி கொடுத்தது. இதே புற்றுநோயில் டுர்வலுமாப் ஊசியைக் கதிரோடு சேர்த்த இன்னோர் ஆய்வில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

வாய், தொண்டை: புகையிலை, பாக்கு மெல்லும் பழக்கத்தால் நம் பகுதி அறிந்த நோய் இது. கதிர், கீமோ நடக்கும்போதே அவெலுமாப் ஊசி சேர்த்த பெரிய ஆய்வில் பலன் இல்லை. ஆனால் 2025இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு முன்பும், பிறகு கதிரோடும் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தபோது நோய் திரும்புவது குறைந்தது.

ஆக, எந்த நோய், எந்த நிலை, எந்த மருந்து, எது முன், எது பின் என்பதைப் பொறுத்தே பலன். மேலே சொன்ன எந்த ஆய்விலும் கதிர் சிகிச்சையை விட்டுவிட்டு ஊசி மட்டும் போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

செலவும் பக்கவிளைவும்

இந்த ஊசிகளின் விலை லட்சக்கணக்கில் ஏறும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி தேடினார்கள். குணப்படுத்த இயலாத அளவு முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான மருந்தோடு, 3 வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் மட்டும் கொடுத்தார்கள். இது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓராண்டு கடந்தவர்கள் 100க்கு 16லிருந்து 43 ஆனார்கள். இதில் கதிர் சேரவில்லை என்றாலும், குறைந்த செலவில் வழி உண்டா என்று டாக்டரிடம் கேட்க இது நமக்குத் தைரியம் தருகிறது.

பிரேக் விடுபட்ட காவல் அணுக்கள் சில சமயம் நல்ல உறுப்பையும் தாக்கும். மூச்சுத்திணறல், விடாத இருமல், கடும் வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. இது எந்த நிலை? குணப்படுத்தும் நோக்கமா, வேதனையைக் குறைக்கும் நோக்கமா?

2. இந்த நிலைக்கு ஊசி சேர்ப்பதால் பலன் நிரூபிக்கப்பட்டிருக்கிறதா? எத்தனை தவணை, மொத்தம் எவ்வளவு?

3. காப்பீட்டில் எது வரும்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கதிர்வீச்சு அதில் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, வருமானச் சான்றுடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குச் செல்லுங்கள்.

சிகிச்சை நாட்களில் ரமலான் வந்தால், நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு, குணமானபின் களா செய்யலாம். அதற்காக ஒரு நாள் கதிரையும் தள்ளிப்போட வேண்டாம். கூச்சம் உள்ள சகோதரிகள், பெண் பணியாளர் உடனிருக்க வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

அந்தச் சகோதரரோடு எங்களில் ஒருவர் திருச்சிக்குப் போனார். இந்த மூன்று கேள்விகளையும் கேட்டார்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "உங்கள் வீட்டம்மாவுக்கு இரண்டாம் நிலைதான், நெறிக்கட்டுக்குப் பரவவில்லை. இந்த ஊசி தேவையில்லை. தேவை, வெளிக்கதிர், கீமோ, உள்கதிர் எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். நடுவில் நிறுத்தினால்தான் ஆபத்து." வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கொடுத்தார். மகனிடமும் போனில் பேசினார்.

பஸ் செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. சகோதரி 25 தடவையையும், உள்கதிரையும் முடித்துவிட்டார். பத்திரம் வீட்டு அலமாரிக்குத் திரும்பியது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறார்.

இன்னொரு குடும்பத்துக்கு அந்த ஊசியே தேவைப்படலாம். அப்போது அதற்காகவும் ஓடுவோம். முடிவு மட்டும் போன் பேச்சில் எடுக்கப்பட வேண்டாம். சிகிச்சையை நிறுத்தும் முன், சொத்தை விற்கும் முன் ஒருமுறை எங்களிடம் வாருங்கள், டாக்டரிடம் சேர்ந்து போவோம். 30 வயது தாண்டிய சகோதரிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளுங்கள். வாயில் ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காட்டுங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக.