பெரியம்மை ஒழிந்த கதை: நாம் அறியாத சில செய்திகள்



நம் வீடுகளில் அறுபது வயதைக் கடந்தவர்கள் பலரின் கையில் வட்டமான தழும்பு ஒன்று இருக்கும். கேட்டால், "அம்மை குத்தின தழும்பு" என்பார்கள். இன்று நம் பிள்ளைகளுக்கு அந்தத் தடுப்பூசி போடுவதில்லை. தேவையும் இல்லை. அந்த நோயே உலகில் இல்லை.

பெரியம்மை கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் பார்வையை இழந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 கோடிப் பேரை அது கொன்றதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நோய் எப்படி ஒழிந்தது? அந்தக் கதையில் நம்மில் பலர் கேள்விப்படாத செய்திகள் உண்டு.

1. இரண்டு அம்மைகளைப் பிரித்துக் காட்டியவர்

பெரியம்மையும் தட்டம்மையும் ஒன்றல்ல என்று தெளிவாக எழுதிவைத்தவர் பாரசீக மருத்துவர் அபூபக்கர் அர்ராஸி. பாக்தாதிலும் தம் ஊரான ரய்யிலும் மருத்துவமனைகளை நடத்தியவர். கி.பி. 925 வாக்கில் மறைந்தார். இரு நோய்களின் அடையாளங்களையும் விளக்கும் அவருடைய அரபு நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவர்களாலும் நூற்றாண்டுகள் கழித்துப் படிக்கப்பட்டது.

2. துருக்கியின் மூதாட்டிகள்

1717இல் ஆங்கிலேயத் தூதரின் மனைவி மேரி வொர்ட்லி மாண்டகு துருக்கிக்கு வந்தார். அவர் தம்பியைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தவர். அவர் முகத்திலும் அதன் வடு இருந்தது. அங்கே மூதாட்டிகள் லேசான அம்மைக் கொப்புளத்தின் சீழைக் கொட்டை ஓட்டில் கொண்டுவந்து, பிள்ளைகளின் தோலை ஊசியால் கீறி வைப்பதைக் கண்டார். பிள்ளைகளுக்குச் சில நாள் காய்ச்சல் வரும். பிறகு ஆயுளுக்கும் பெரியம்மை அண்டாது. 1718இல் தம் மகனுக்கு இதைச் செய்வித்தார். 1721இல் லண்டனில் மகளுக்கும் செய்வித்து, அந்த நாட்டுக்கு இம்முறையை அறிமுகம் செய்தார்.

3. அடிமை சொல்லிக்கொடுத்த மருத்துவம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை இருந்தார். தமக்குச் சிறுவயதிலேயே இப்படி அம்மை குத்தியிருக்கிறார்கள் என்று எஜமானரான பாதிரியார் காட்டன் மேதரிடம் சொன்னார். 1721இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது மேதர் அதை நினைவுகூர்ந்தார். பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர் 240 பேருக்கு மேல் அம்மை குத்தினார். அவர்களில் இறந்தவர் 6 பேர். குத்திக்கொள்ளாமல் நோய் கண்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் இறந்தார். ஆனாலும் ஊரில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. மேதரின் வீட்டுக்குள் வெடிகுண்டே எறியப்பட்டது! நல்லவேளையாக அது வெடிக்கவில்லை.

4. பசுவிடமிருந்து வந்த பெயர்

பால் கறப்பவர்களுக்கு மாட்டம்மை வரும். அது வந்தவர்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்பது இங்கிலாந்துக் கிராமங்களில் பேச்சு. 1796 மே 14இல் மருத்துவர் எட்வர்ட் ஜென்னர், பால்காரப் பெண்ணின் கையிலிருந்த கொப்புள நீரை எடுத்து, தம் தோட்டக்காரரின் எட்டு வயது மகன் ஜேம்ஸ் பிப்ஸுக்கு வைத்தார். பிறகு பெரியம்மைச் சீழைக் குத்திப் பார்த்தும் சிறுவனுக்கு நோய் வரவில்லை. பழைய முறையைவிட இதில் ஆபத்து மிகக் குறைவு. லத்தீனில் பசுவுக்கு 'வாக்கா' என்று பெயர். 'வாக்சின்' என்ற சொல் அதிலிருந்து பிறந்ததுதான்.

5. கைக்குக் கை வந்த தடுப்பு மருந்து

அன்று குளிர்பதனப் பெட்டி கிடையாது. எனவே ஒரு பிள்ளையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து அடுத்த பிள்ளைக்கு என்று மருந்தை எடுத்துச் சென்றார்கள். இந்தியாவுக்கு அது வியன்னாவிலிருந்து பாக்தாத், பஸ்ரா வழியாகக் கப்பலில் பம்பாய் வந்தது. 1802 ஜூன் 14இல் அன்னா டஸ்டால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு முதலில் போடப்பட்டது. அவள் கையிலிருந்து தொடங்கிப் பல ஊர்களுக்கும் பரவியது.

1803இல் ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு மருந்தைக் கொண்டுபோனவர்கள் 22 அநாதைச் சிறுவர்கள்! கடல் பயணம் முழுவதும் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை இரண்டிரண்டு பேராக அவர்களுக்குப் போட்டுக்கொண்டே போனார்கள். பெற்றோர் இல்லாத அந்தப் பிஞ்சுகளின் கைகளால் எத்தனையோ பேர் உயிர் பிழைத்தார்கள். வரலாற்றில் அவர்கள் பெயரைச் சொல்வோர் குறைவு.

6. ஊசிக்குப் பயந்தவர்

இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் சோமாலியாவின் அலி மாவ் மாலின். 1977இல் மெர்கா நகர மருத்துவமனையில் சமையல்காரராக இருந்தார். வலிக்கும் என்று பயந்து தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. நோய் கண்ட இரு குழந்தைகளுக்கு வழிகாட்ட வண்டியில் சிறிது நேரம் உடன் சென்றார், நோய் தொற்றியது. நல்லவேளையாகப் பிழைத்தார். 1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்ததாக உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. அலி பிற்காலத்தில் போலியோ ஒழிப்புத் தொண்டராகி, சொட்டு மருந்துக்குத் தயங்கிய தாய்மார்களிடம் தம் கதையையே சொல்லிவந்தார். 2013இல் அந்தப் பணியில் இருந்தபோதே மலேரியாவால் மறைந்தார்.

நமக்கான பாடம்

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் அம்மை குத்துவதை ஆதரித்தவர். ஆனாலும் தம் நான்கு வயது மகனுக்குக் குத்தாமல் இருந்துவிட்டார். 1736இல் அந்தப் பிள்ளை பெரியம்மையில் இறந்தது. அந்த வருத்தத்தை முதுமையிலும் அவர் எழுதிவைத்தார். குத்தி ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். குத்தாமல் விட்டு இழந்தாலும் வேதனை அதேதான். ஆகவே ஆபத்து குறைந்த வழியையே தேர்ந்தெடுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இன்று நம் தெருவிலும் இதுவே நிலைமை. 2017இல் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பல பெற்றோர் தயங்கினார்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான். அதன் விளைவைச் சுமப்பது பிள்ளை. உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்துக்குத் தயக்கம் இருந்தபோது ஆலிம்கள் முன்வந்து பேசினார்கள்; பள்ளிவாசல்களில் அறிவிப்புச் செய்தார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ யாருக்கும் வரவில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

* பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். தட்டம்மை, ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று.
* தவறியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டணம் இல்லை.
* ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். முன்பு ஏதேனும் ஊசிக்குப் பிள்ளைக்கு ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் செவிலியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.
* வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் பகிரும் முன் ஒரு மருத்துவரிடம் கேளுங்கள்.

பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்

1. 'வாக்சின்' என்ற சொல் எந்த விலங்கின் பெயரிலிருந்து வந்தது?
2. பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்துக் காட்டிய மருத்துவர் யார்?
3. ஊசிக்குப் பயந்த அலி பிற்காலத்தில் என்ன பணி செய்தார்?

நம் பிள்ளைகளின் பேரப் பிள்ளைகள் தட்டம்மை என்றால் என்னவென்றே அறியாமல் வளரட்டும், இன்ஷா அல்லாஹ்.