ஓய்வும் இன்சொல்லும்

சென்னை மாநகரில் மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வாழ்வோர்க்குப் பேருந்து பெருந்துணையாகும். தியாகராயநகர், அடையாறு ஆகிய இடங்களிலுள்ள பணிமனைகளினின்று வைகறையிலேயே பேருந்துகள் புறப்படுகின்றன. போக்குவரத்துக் கழகத்தின் மேலாளரைப் பயணிகள் கண்டதில்லை. ஓட்டுநரும் நடத்துநருமே அவர்கள் அறிந்த கழகம்.

நெரிசலிடையே நின்று பயணச்சீட்டுக் கொடுப்பவர் நடத்துநர். சில்லறை எண்ணுதலும், முதியோர் ஏறும்வரை பொறுத்தலும், வழி கேட்போர்க்கு விடை கூறுதலும் அவர் தொழிலே. வெயிலிலும் புகையிலும் ஓயாது விழித்திருப்பவர் ஓட்டுநர். உடல் சோர்ந்தால் உள்ளமும் சோரும்; சோர்ந்த உள்ளத்தில் இன்சொல் பிறப்பது அரிது. ஓட்டுநர் ஒரு கணம் கண்ணயர்ந்தாலோ, பல உயிர்க்குக் கேடு நேரும்.

1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இதற்கு ஒரு வழி வகுத்தது. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்பது அது வேலைக்கு வகுத்த பொதுவரம்பு. 5 மணி நேர வேலைக்குப்பின் அரைமணியேனும் ஓய்வும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் வேண்டும் என்றது. 100 பேர்க்குக் குறையாது பணிபுரியும் இடத்தில் உணவகமும், இரவில் தங்க நேரும் இடத்தில் ஓய்வறையும், ஓட்டுநர் நடத்துநர்க்குச் சீருடையும் அளிக்க இடஞ்செய்தது.

தொழிலாளர்க்கு அளிக்கும் ஓய்வு, வீண்செலவன்று. களைப்பு நீங்கிய நடத்துநர் முகமலர்ந்து விடை கூறுவார். நன்கு உறங்கிய ஓட்டுநர் விழிப்புடன் வண்டி செலுத்துவார். பணியாளரைப் பேணுதல் பயணிகளைப் பேணுதலே ஆகும். பயணிகளுக்கும் கடமையுண்டு. படியில் தொங்காது உள்ளே செல்லுதலும், உரிய சில்லறை தருதலும் பணியாளரின் சுமையைக் குறைக்கும்.