காகிதம் ஒட்டணும்

ஏலகிரி மலைப்பாதையில் மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு மே மாதப் பகலில், ஆறாவது வளைவைத் தாண்டும்போது எங்கள் காரின் டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு நகர ஆரம்பித்தது. பின்சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வளைவுக்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

ஏசியை நிறுத்தினேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, ப்ளோயரைக் கூட்டினேன். "என்னடா இது, அனலா அடிக்குது" என்றார் அம்மா. அனல்தான். ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது தன் பங்குக்கு வெளியே தள்ளும். முள் ஒரு நூல் இறங்கியது. அதற்குள் அகலமான ஒரு நிழல் பார்த்து ஓரங்கட்டினேன்.

பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் ஆவி இல்லை. டப்பாவில் கூலன்ட் அளவு சரியாக இருந்தது, ஃபேனும் சுற்றியது. அதனால் இன்ஜினை அணைக்காமல் ஐடிலில் விட்டேன். ஆவி அடித்தாலோ ஃபேன் நின்றிருந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும். எந்த நிலையிலும் ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது குக்கர் மாதிரி. மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது, 118 வரை தாங்கும். மூடியைத் திருகினால் அழுத்தம் போய், உள்ளே இருப்பது அத்தனையும் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். அதில் முகம் வெந்துபோன ஒரு லாரி கிளீனரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கால் மணி நேரத்தில் முள் இறங்கியது. ஏசி போடாமல் மெதுவாக மேலே போய்ச் சேர்ந்தோம். ஆனால் மனசு ஆறவில்லை. கூலன்ட் இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, பிறகு ஏன் சூடேறியது?

மறுநாள் இறங்கி வந்து வாணியம்பாடியில் ஒரு பட்டறையில் விட்டேன். மெக்கானிக் பாய்க்கு அறுபது வயதிருக்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஃபேன் சுத்துது சரி தம்பி, காத்து வருதான்னு பாத்தியா?" என்றார். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்தார். ஏசியைப் போடச் சொல்லி, ஃபேன் ஓடும்போது அந்தத் தாளைக் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்ஸர் மேல் வைத்துக் கையை எடுத்தார். தாள் வழுக்கிக் கீழே விழுந்தது. "காத்து இழுத்தா காகிதம் ஒட்டணும். இது விழுது பாரு."

பம்பரைக் கழற்றி, கண்டென்ஸரின் போல்ட்டுகளைத் தளர்த்தி முன்னால் சாய்த்தார். கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு விரல் இடுக்கு. அதில் கம்பளித் துண்டு விரித்த மாதிரி ஒரு படலம்: ரோட்டுப் புழுதி, செத்த பூச்சி, புளிய இலை, எருக்கம்பஞ்சு. வாராவாரம் கார் கழுவியவன் நான். முன்பக்கம் பளிச்சென்று இருந்ததால் உள்ளே இப்படி இருக்கும் என்று தோன்றவே இல்லை. பாய் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்துத் தண்ணீர் விட்டார், சாதாரணக் குழாய் வேகத்தில். வாட்டர் சர்வீஸ் கன்னை அருகில் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, வழி நிரந்தரமாக அடைபட்டுவிடும்.

இன்னொன்றையும் காட்டினார். ஃபேனைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்க வேண்டும். முன்பு எங்கோ ஃபேன் மோட்டார் மாற்றியபோது அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். கூடு இருந்தால்தான் ஃபேன் ரேடியேட்டரின் நான்கு மூலையிலிருந்தும் காற்றை இழுக்கும். இல்லாவிட்டால் தனக்கு எதிரே உள்ள வட்டத்தை மட்டும்தான் இழுக்கும். வெளியேற்றிய சூட்டுக் காற்றே ஓரங்களில் சுற்றிவந்து மறுபடி உள்ளே நுழையும். பழைய கூடு ஒன்றைத் தேடி மாட்டினார். ஓர இடைவெளிகளில் ஃபோம் பட்டை ஒட்டினார்.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டி விட்டுடலாமா பாய்?" என்று கேட்டேன். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் மறுத்துவிட்டார். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்க வழியை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டாமலேயே இன்ஜினுக்குத் திரும்பிவிடும்.

கேட்டவரெல்லாம் சொல்லும் இன்னொரு வைத்தியம், கீலுக்கு அடியில் வாஷர் கொடுத்து பானெட்டின் பின்பக்கத்தைத் தூக்கிவிடுவது. அதற்கு முந்தின வருஷம் நானும் செய்திருந்தேன். சரிதானா என்று பார்க்க, இந்தத் தடவை பின்விளிம்பில் விரல் நீளக் கம்பளி நூல்களை டேப் போட்டு ஒட்டி, தம்பியை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிக்னலில் நின்றபோது நூல்கள் வெளியே அசைந்தன. பைபாஸில் வேகம் 80ஐத் தொட்டதும் ஒவ்வொன்றாக இடுக்குக்குள் நுழைந்துகொண்டன. ஓடும் வண்டியில் காற்று முன்கண்ணாடியில் மோதி அதன் அடியில் தேங்குகிறது. அழுத்தம் அங்கேதான் அதிகம். சூடு வெளியே போக வேண்டிய வழியில் எதிர்க்காற்று உள்ளே வருகிறது. போதாததற்கு, ஏசிக்குக் காற்று எடுக்கும் துவாரமும் அங்கேதான். வண்டி நிற்கும்போதெல்லாம் இன்ஜின் வாடையைச் சுவாசித்துக்கொண்டு போயிருக்கிறோம். அன்றைக்கே வாஷர்களைக் கழற்றினேன்.

சூட்டுக் காற்று போக வேண்டியது கீழ்ப்பக்கம். அதனால் அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டு கடகடக்கிறது என்று கழற்றி எறியாதீர்கள், கிளிப் வாங்கிப் போடுங்கள். அது இல்லாவிட்டால் ரோட்டுக் காற்று மேலே ஏறி, வெளியேறும் காற்றை மறிக்கும். கிரில்லுக்கு முன்னால் கூடுதல் விளக்குகளையும் இரும்புக் கம்பிகளையும் மாட்டுவதும் அதே தப்புதான். கம்பிகளுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லியாகிவிட்டது.

ரேடியேட்டருக்குப் போர்த்தண்ணீர் வேண்டவே வேண்டாம். எங்கள் வேலூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் உப்பு படியும். ரேடியேட்டர் குழாயிலும் அதே படிவுதான். கூலன்ட் கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே.

வெயிலில் நெடுந்தூரம் ஓட்டி வந்தால் கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள். இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டமும் காற்றும் நின்றுபோய், பானெட்டுக்குள் சூடு முன்பைவிட ஏறும். பேட்டரியையும் ரப்பர் குழாய்களையும் வாட்டுவது அந்த நேரம்தான். நான் வீட்டுக்கு வந்ததும் பானெட்டைப் பத்து நிமிஷம் தூக்கி வைக்கிறேன். அப்போது பிள்ளைகளைக் கிட்டே விடுவதில்லை. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். நிறுத்தும் இடத்தையும் மாற்றியிருக்கிறேன். புளியமர நிழல் குளுமைதான், ஆனால் அந்தப் பொடி இலை எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுகிறது. இப்போது வண்டி நிற்பது தெருமுனை வேப்பமரத்தடியில். ஏப்ரல் பிறந்ததும் நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு அங்கே போகிறேன்.