கையெழுத்தும் கைகழுவலும்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நண்பனின் கடைக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரியிடம் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நண்பன் பணம் கட்டாததும், “எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்துவிடப் போகிறேன் மாமா” என்கிறாய். அதை யாரிடம் சொன்னாய் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

உன் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு நோட்டு இருந்ததே, நினைவிருக்கிறதா? ஜப்பான்காரன் காலத்துப் பத்து வெள்ளி, வாழைமரம் போட்டது. வைத்திருப்பவர் கேட்டதும் பத்து வெள்ளி தருவதாக ஜப்பானிய அரசாங்கம் வாக்களிக்கிறது என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். 1945 செப்டம்பர் 3-ஆம் தேதி ஆங்கிலேயப் படை பினாங்கில் வந்து இறங்கியது. வாக்குக் கொடுத்தவன் தோற்றுவிட்டான். வந்தவனோ அந்த நோட்டு செல்லாது என்றான். இரண்டு அரசாங்கங்கள் கைவிரித்த கடனைத் தாத்தாதான் சுமந்தார். உழைத்துச் சேர்த்த கூலி அது. சாகும்வரை அந்தக் கட்டை அவர் தூக்கி எறியவே இல்லை. நீ கைகழுவினால் அந்த வியாபாரியின் பெட்டியிலும் அப்படி ஒரு கட்டு சேரும்.

விலகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நண்பனுக்காகக் காலமெல்லாம் நீ கட்டிக்கொண்டிருக்க முடியாது. விலகுவதற்குச் சட்டத்திலேயே வழி உண்டு. நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 83-ஆம் பிரிவு. தொடர்ந்து நடக்கும் வியாபாரத்துக்குக் கொடுத்த ஜாமீனை, கடன் கொடுத்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இனி வாங்கப்போகும் சரக்குக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே வாங்கிய சரக்குக்கு உன் கையெழுத்து அப்படியே நிற்கும். நீ வாய்மூடி இருக்கும் ஒவ்வொரு நாளும் அவன் புதிதாகச் சரக்கு எடுக்கலாம். அதுவும் உன் தலையில்தான் விழும்.

பேப்பரில் விளம்பரம் போடலாமா என்றும் கேட்டாய். வேண்டாம். ஊருக்குச் சொல்வதில் பயனில்லை, அந்த வியாபாரிக்குச் சொல். கையெழுத்துப் போட்ட தாளை முதலில் ஒரு லாயரிடம் காட்டு. வேறு நிபந்தனை ஏதாவது இருக்கலாம். பிறகு ஜாமீனை நிறுத்துவதாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பு, நகல் வைத்துக்கொள். அதோடு நேரில் போய்க் கணக்கைப் பார்த்து, இதுவரை உள்ள பாக்கியைத் தவணையில் கட்ட வழி கேள்.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் சனிக்கிழமை காலை வீட்டுக்கு வா. நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
மாமா