ஐஸ்லாந்து: பெயரும் வேற்றுமையும்

ஐரோப்பாவின் வடமேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள தீவு நாடு ஐஸ்லாந்து. அந்நாட்டார் அதனை 'ஈஸ்லாந்து' என்பர். 'ஈஸ்' என்றால் பனிக்கட்டி. 'லாந்து' என்றால் நிலம்.

9ஆம் நூற்றாண்டில் ஃப்ளோகி என்பவர் நார்வேயிலிருந்து கால்நடைகளோடு அங்குக் குடியேறச் சென்றதாக அந்நாட்டின் பழைய குடியேற்ற நூல் கூறுகிறது. கோடையில் மீன் மிகுதியாகக் கிடைத்தது. மீன்பிடிப்பிலேயே மூழ்கியவர்கள் உலர்புல் சேர்க்கத் தவறினர். குளிர்காலத்தில் கால்நடைகள் யாவும் மடிந்தன. இளவேனிலில் மலைமீதேறிய ஃப்ளோகி, கடற்கழி முழுவதும் பனிக்கட்டி மிதக்கக் கண்டு இப்பெயரை இட்டார். உடன்சென்ற தோரோல்ஃப் என்பவரோ, அங்குள்ள ஒவ்வொரு புல்லிலும் வெண்ணெய் சொட்டுகிறது என்றாராம்! அவருக்கு 'வெண்ணெய்த் தோரோல்ஃப்' என்ற பட்டமே மிஞ்சியது. நொந்த மனத்தார் வைத்த பெயர்தான் நிலைத்தது.

இனி இலக்கணத்துக்கு வருவோம். நம் மொழியில் வேற்றுமை உருபு பெயரின் பின்னே சேரும். அவர்கள் மொழியிலோ முன்னே ஒரு சொல் நிற்க, பெயரின் ஈறும் திரியும். 'ஐஸ்லாந்திலிருந்து' என்பது 'ஃப்ராவ் ஈஸ்லாந்தி'. 'ஐஸ்லாந்துக்கு' என்பது 'தில் ஈஸ்லாந்த்ஸ்'. 'நார்வேயில்' என்பதற்கு 'உள்ளே' எனப் பொருள்படும் 'ஈ' வரும். தம் நாட்டில் என்பதற்கோ, 'மேலே' எனப் பொருள்படும் 'அவ்' வரும்.

நம் மலேசியாவும் அவ்விலக்கணத்திற்குத் தப்பவில்லை. 'மலசீயா' என்னும் பெயர், 'மலேசியாவில்' என்னும்போது 'ஈ மலசீயு' ஆகிறது. அவர்கள் கணக்கில் ஐஸ்லாந்து அஃறிணை, நார்வே ஆண்பால், நம் மலேசியாவோ பெண்பால்!