பழைய ஸ்டேக்ஹவுஸில் செய்ய வேண்டியதும் கூடாததும்

வெளியிலிருந்து பார்த்தால் திறந்திருக்கிறதா என்றே சொல்ல முடியாது. ஜன்னல் சின்னது, வெளிச்சம் மங்கல். உள்ளே நுழைந்தால் முதலில் பார், அதைத் தாண்டி சிவப்புத் தோல் இருக்கைகள், வெள்ளை விரிப்பு போட்ட சில மேசைகள், சுவரில் மங்கிப்போன புகைப்படங்கள். நியூயார்க், சிகாகோ போன்ற பழைய அமெரிக்க நகரங்களில் பேட்டைக்கு ஒன்றாக இப்படிப்பட்ட ஸ்டேக்ஹவுஸ்கள், அதாவது மாட்டிறைச்சியைப் பெரிய துண்டாக வாட்டித் தரும் கடைகள், இருந்தன. இப்போது குறைந்துவிட்டன. மகனையோ மகளையோ பார்க்கப் போகிற நம்மவர்களை அவர்கள் ஒரு மாலை இங்கே கூட்டிப் போவதும் உண்டு.

நம் ஊர் ஹோட்டலில் சுக்கா கேட்டால் எவ்வளவு வேக வேண்டும் என்பது மாஸ்டரின் கவலை. இங்கே மசாலா இல்லை, குழம்பு இல்லை. உப்பு, மிளகு, நெருப்பு, அவ்வளவுதான். அதனால் மாட்டின் எந்தப் பகுதி, எவ்வளவு வேக்காடு, யாரோடு பங்கு என்ற மூன்று முடிவுகளும் சாப்பிடுகிறவர் தலையில் விழுகின்றன. இந்த மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டால் மற்றதைக் கடை பார்த்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியவை

போன் செய்துவிட்டுப் போங்கள். மேசை சொல்லி வைக்கும்போதே கார்டு வாங்குவார்களா என்று கேட்டுவிடுங்கள். புரூக்ளினில் 1887-இல் தொடங்கிய பீட்டர் லூகர் எவ்வளவோ புகழ் பெற்ற பிறகும் நெடுங்காலம் கிரெடிட் கார்டைத் தொடாமலே வியாபாரம் செய்தது. அந்தப் பிடிவாதம் சின்னக் கடைகளிலும் இருக்கலாம்.

பகுதிகளைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். மெனுவில் பத்துப் பெயர் இருந்தாலும் அடிப்படையில் மூன்றுதான். பிலே மின்யோன் முதுகெலும்புக்குக் கீழே அதிகம் உழைக்காத தசை. வெண்ணெயாக வெட்டுப்படும், கொழுப்பு குறைவு, ருசியும் மட்டு. விலை மட்டும் உச்சம். ரிப்-ஐ விலாப் பகுதி. இறைச்சிக்குள்ளேயே கொழுப்பு இழையோடியிருப்பதால் நெருப்பில் உருகி மணக்கும். நியூயார்க் ஸ்ட்ரிப் இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் கடித்துச் சாப்பிட வேண்டியது. டி-போன், போர்ட்டர்ஹவுஸ் இரண்டிலும் எலும்புக்கு ஒரு பக்கம் ஸ்ட்ரிப், மறு பக்கம் பிலே இருக்கும். பிலே பக்கம் 1¼ அங்குல அகலமாவது இருந்தால்தான் போர்ட்டர்ஹவுஸ் என்று சொல்ல வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் வரையறை. டி-போனுக்கு அரை அங்குலம் போதும். என்னைக் கேட்டால், முதல் தடவை போகிறவர் பிலேவை விட்டுவிட்டு ரிப்-ஐ கேட்பதே நல்லது. பிலேவின் மென்மைக்குக் காசு கொடுப்பது கடித்துச் சாப்பிடச் சோம்பல்படுகிறவர்களின் வேலை.

வேக்காட்டைத் தயங்காமல் சொல்லுங்கள். ரேர் என்றால் நடுவில் சுமார் 50 டிகிரி செல்சியஸ். உள்ளே சிவப்பு, சூடு குறைவு. மீடியம் ரேர் 55-ஐ ஒட்டி, இளஞ்சூடான சிவப்பு. மீடியம் 60-ஐத் தாண்டி, ரோஜா நிறம். வெல்டன் 70-க்கு மேல், முழுக்கச் சாம்பல் பழுப்பு. சமையல்காரர்கள் சிபாரிசு செய்வது மீடியம் ரேர். வேளாண் துறையின் பாதுகாப்பு அளவோ 63 டிகிரி, பிறகு மூன்று நிமிடம் ஆற விடுவது. கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இந்த அளவுக்குக் கீழே போக வேண்டாம். மற்றவர்கள் மீடியத்தில் தொடங்கலாம். நன்கு வெந்த கறியே சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு மீடியம் ரேர் முதல் வாயிலேயே பிடித்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வெயிட்டரைப் பேச விடுங்கள். இப்படிப்பட்ட கடைகளில் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் வேலை செய்கிற வெயிட்டர்கள் இருப்பார்கள். "எது ஸ்பெஷல்?" என்று கேட்டால் மெனுவை ஒப்பிப்பார்கள். "நீங்கள் வீட்டாரைக் கூட்டிவந்தால் எதைச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள், கதை வேறாக இருக்கும். இறைச்சி உலர்முறையில் பதப்படுத்தியதா என்பதையும் விசாரியுங்கள். உறைநிலைக்குச் சற்று மேலான குளிர் அறையில் காற்றோட்டத்தோடு மூன்று, நான்கு வாரம் தொங்கவிட்டால் இறைச்சியிலுள்ள நொதிகளே நார்களைத் தளர்த்தும். ஈரம் வற்றி ருசி திரளும், மேலே காய்ந்த ஓட்டைச் சீவி எறிவார்கள். எடையில் இவ்வளவு போவதால்தான் அந்த விலை. பிளாஸ்டிக் உறைக்குள் காற்றில்லாமல் வைத்துப் பதப்படுத்தியதும் மென்மையாகவே இருக்கும், ஆனால் உலர்முறையில் வரும் கொட்டைப்பருப்பு போன்ற வாசம் அதில் வராது.

பங்கு போடுங்கள். மெனுவில் 40 அவுன்ஸ் என்று இருந்தால் அது 1.1 கிலோவுக்கும் மேல். அது எலும்போடு சேர்த்து வேகாத எடை. அப்படியும் இருவருக்கு ஏராளம். தனித் தட்டு கேட்டால் சில இடங்களில் கூடுதல் கட்டணம் போடுவார்கள், முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமையானால் பிரைம் ரிப் இருக்கிறதா என்று கேளுங்கள். விலாத் துண்டை முழுதாக அடுப்பில் மெதுவாக வாட்டி அறுத்துத் தருவது இது. பல கடைகளில் வார இறுதியில் மட்டும் கிடைக்கும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். நன்றாக வெந்தது வேண்டுமென்றால் ஓரத் துண்டு கேளுங்கள். முழுத் துண்டின் இரண்டு முனைகளும் நடுப்பகுதியைவிட அதிகம் வெந்திருக்கும், உப்பும் மிளகும் அங்கேதான் அப்பியிருக்கும். பெயரில் பிரைம் இருக்கிறதே என்று அது அரசின் முதல் தரமான பிரைம் என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

மாட்டிறைச்சி சாப்பிடாதவரும் தயங்காமல் உடன் போகலாம். ஆட்டுத் தொடை எலும்புக்கறி, கோழி, சால்மன், குளிர்ந்த இறால் காக்டெயில் ஏதாவது இருக்கும். நியூயார்க்கில் 1885-இல் திறந்த கீன்ஸ் என்ற கடை ஸ்டேக்கைவிட மட்டன் சாப்புக்குத்தான் பேர் போனது. கூரை முழுக்கப் பழைய வாடிக்கையாளர்களின் களிமண் புகைக்குழாய்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்தக் கடை ஒரு காலத்தில் பெண்களை உள்ளே விட்டதில்லை. நடிகை லில்லி லாங்ட்ரி 1905-இல் நீதிமன்றம் போய் வென்றார். ஸ்டேக்ஹவுஸ் என்றாலே ஆண்கள் சுருட்டு பிடிக்கிற இடம் என்றிருந்த நினைப்பின் மிச்சம் இன்னும் சுவர்களில் தெரியும். இப்போது பாட்டியும் பேரனும் வந்து சாப்பிடுகிறார்கள்.

செய்யக்கூடாதவை

சைவம் சாப்பிடுகிறவர்கள் பக்க உணவை நம்பிவிட வேண்டாம். இது முக்கியம். பிரெஞ்சு பிரையை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிற கடைகள் உண்டு. வெங்காய சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் மாட்டெலும்பில் இறக்கியது. சீசர் சாலட்டின் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி இருக்கும். ஐஸ்பெர்க் லெட்டூஸைக் கால்வாசியாக வெட்டி நீலச் சீஸ் ஊற்றித் தரும் சாலட்டின் தலையில் பன்றிக்கறித் துணுக்கு தூவியிருக்கும். கிரீமில் மசித்த கீரையிலும் சிலர் அதைச் சேர்ப்பார்கள். முழுதாகச் சுட்ட உருளைக்கிழங்கு, வெண்ணெய், புளித்த கிரீம் என்று கேட்டால் பிழைத்துக்கொள்ளலாம். மேலே தூவுவதை நிறுத்தச் சொல்ல மறக்க வேண்டாம்.

தட்டில் வடியும் சிவப்பைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அது ரத்தமல்ல. மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். ரத்தம் மாட்டை அறுக்கும் இடத்திலேயே போய்விடுகிறது.

உள்ளே சிவப்பாகச் சாப்பிடும் துணிச்சலை ஹாம்பர்கரில் காட்ட வேண்டாம். முழுத் துண்டில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும், நெருப்பு அவற்றைக் கொன்றுவிடும். அரைத்த கறியில் மேலிருந்தது உள்ளே கலந்துவிடுகிறது. அதற்கு 71 டிகிரி வேண்டும்.

பிலேவை வெல்டன் கேட்காதீர்கள். வெல்டன் பிடிப்பதில் தப்பேயில்லை, அதற்காக முகம் கோணும் வெயிட்டர்தான் தப்பு. ஆனால் கொழுப்பில்லாத கறியை அவ்வளவு வாட்டினால் வைக்கோல்தான் மிஞ்சும். நன்றாக வேக வேண்டுமென்றால் ரிப்-ஐ சொல்லுங்கள், கொழுப்பு அதைக் காப்பாற்றும். அல்லது பிலேவையே நடுவில் பிளந்து விரித்து வாட்டித் தரச் சொல்லுங்கள்.

வந்ததும் சாஸ் பாட்டிலைக் கவிழ்க்காதீர்கள். முதலில் நடுவில் ஒரு வெட்டு போட்டு உள் நிறத்தைப் பாருங்கள். வேகவில்லையென்றால் அப்போதே சொல்லுங்கள், இன்னும் இரண்டு நிமிடம் வாட்டித் தருவார்கள். அதிகம் வெந்துவிட்டால் புதிதாகத்தான் போட வேண்டும். பாதி சாப்பிட்ட பிறகு குறை சொல்வது அழகல்ல. மொத்தத்தையும் குழந்தைக்குத் தருவதுபோல் துண்டு துண்டாக நறுக்கிவைப்பதும் வேண்டாம், சீக்கிரம் ஆறிப்போகும்.

ரொட்டிக் கூடையில் வயிற்றை நிரப்பாதீர்கள். சூடான ரொட்டியும் வெண்ணெயும் இலவசமாக வரும். அதற்காகவா வந்தோம்?

பழைய கடை என்பதற்காகவே நல்ல கடை என்று நம்பாதீர்கள். சுவரில் பழைய நடிகர்களின் கையெழுத்துப் படம் இருந்தால் அவர்கள் அன்று சாப்பிட்டார்கள் என்றுதான் அர்த்தம். பீட்டர் லூகருக்கே 2019-இல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பீட் வெல்ஸ் ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை என்பது வேறு விஷயம்.

டிப்ஸில் சிக்கனம் பார்க்காதீர்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, அமெரிக்க மத்திய சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அப்படியே இருக்கிறது. பல மாநிலங்கள் இதைவிட அதிகம் வைத்திருந்தாலும் மேசையில் கிடைப்பதுதான் பிழைப்பு. 18 முதல் 20 சதவீதம் வழக்கம். முறை சரியா என்ற விவாதத்தை வேண்டுமானால் வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம், பில்லின் மேல் வேண்டாம்.

மீந்ததை விட்டுவிட்டு வராதீர்கள். கட்டிக் கொடுக்கச் சொல்வதில் அங்கே யாருக்கும் கூச்சமில்லை, எலும்பையும் சேர்த்தே கேட்கலாம். மறுநாள் மைக்ரோவேவில் வைத்தால் செருப்புத் தோலாகிவிடும். பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு மெல்லியதாக நாருக்குக் குறுக்கே நறுக்குங்கள். வெங்காயத்தையும் மிளகுத்தூளையும் தோசைக்கல்லில் வதக்கி, அடுப்பை அணைத்த பிறகு கறியைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டினால் போதும்.